வேண்டாத படங்கள்

பொருளைச் சேர்ப்பது அரிது, செலவிடுவது எளிது என்று பெரியோர் சொல்வார்கள். நிழற்படங்களைப் பொறுத்தவரையில் இக்காலத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. சேர்ப்பது மிக எளிது, கழிப்பதுதான் பெரும்பாடு. நம்மைப் போல் ஊரைவிட்டு வந்து அயல்நாட்டில் குடும்பம் நடத்துவோர்க்கு இந்தப் பாடு இரட்டிப்பு. இங்கே நாம் எடுக்கும் படங்கள் அங்கே போகின்றன. அங்கே எடுப்பவை இங்கே வருகின்றன. முடிவில் இரு வீட்டுக் கணினிகளும் நிரம்பி வழிகின்றன. சென்ற தை மாதம் விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது, இரண்டு வாரங்களில் பெரும்பகுதியை இந்த ஒரு வேலைக்கே செலவிட நேர்ந்தது. அந்த அனுபவம் அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படலாம் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடிபாலா. சித்தூருக்கும் வேலூருக்கும் இடையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்கு. வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த எங்கள் பகுதி, 1911-இல் சித்தூர் மாவட்டம் தோன்றியபோது அதில் சேர்க்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகளைத் திருத்தினார்கள். திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாங்கள் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டோம். "பதிவேட்டில் பெயர் மாறியது, ஒரு புளியமரமாவது இடம் பெயர்ந்ததா?" என்று தந்தையார் கேட்பது வழக்கம். இந்தச் சொல் பின்னர்க் கணினி வேலையிலும் எனக்கு உதவியது. அதனாலேயே இங்கே குறிப்பிடுகிறேன்.

தந்தையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது எழுபத்தாறு. அம்மா 2022-இல் காலமானார். அதுமுதல் அவ்வீட்டில் அவர் ஒருவரே. மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவரோடு பேசுவேன். கடந்த ஓராண்டாக எங்கள் பேச்சு எதில் தொடங்கினாலும் ஒரே முறையீட்டில்தான் வந்து முடிந்தது. "கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம். படங்களை அழித்தால் அழிய மாட்டேன் என்கின்றன. அழிந்தவையும் திரும்பி வந்துவிடுகின்றன" என்பார். நானோ, "டிலீட் பொத்தானை அழுத்துங்கள் அப்பா, போய்விடும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். கணினியைப் பற்றி முதியவர்கள் சொல்வதில் பாதி அவர்களுடைய கைத்தவறு என்பது என் எண்ணம். நேரில் சென்று அதன் முன் உட்கார்ந்த பிறகே அவர் சொன்னவை அத்தனையும் உண்மை என்று அறிந்து நாணினேன்.

கணினியில் ஏறத்தாழ 18,000 படங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வாட்ஸ்அப் வழியாக நாள்தோறும் வந்து இறங்கிய காலை வணக்கப் படங்கள். ரோஜா மலர், உதய சூரியன், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, ஒரு நல்வாக்கு. காணிப்பாக்கம் பிள்ளையார் மட்டுமே பல நூறு முறை எழுந்தருளியிருந்தார். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. இந்தியக் கைப்பேசிகள் இத்தகைய வாழ்த்துப் படங்களால் மூச்சுத் திணறுவதைக் கண்ட கூகிள் நிறுவனத்தார், 2017 டிசம்பரில் 'ஃபைல்ஸ் கோ' என்னும் செயலியை வெளியிட்டு, அவற்றைத் தேடித் திரட்டி நீக்குவதற்கும் அதில் வழி செய்தார்கள். ஒரு நாட்டு மக்களின் காலை வணக்கத்தைப் பெருக்கித் தள்ளுவதற்கென்றே ஒரு துடைப்பம் செய்யவேண்டி வந்தது!

இனி, அழிப்பதில் நேர்ந்த இடையூறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது: சில படங்களை அழிக்கப் புகுந்தால், 'இக்கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது' என்று கணினி மறுத்தது. திண்ணையில் விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போது திண்ணையைக் கழுவ முடியாதல்லவா? அதுபோல, படங்காட்டும் நிரலில் அந்தப் படம் திறந்தவாறே பின்னால் மறைந்து கிடந்தது. தந்தையார் சாளரத்தை மூடாமல் சிறிதாக்கி மட்டும் வைப்பது வழக்கம். திறந்தவற்றையெல்லாம் மூடினால் கோப்பு விடுபடும். எது திறந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, வேறு எதையும் திறக்குமுன் அழித்துவிட வேண்டும். பத்தில் எட்டு இடையூறுகள் இதனாலேயே தீர்ந்தன.

இரண்டாவது: படங்கள் அழிந்தன, ஆனால் இடம் பெருகவில்லை. காரணம் எளிது. அழித்த கோப்பு 'ரீசைக்கிள் பின்' என்னும் கூடைக்குள் போய்க் கிடக்கிறது. கூடையைக் காலி செய்யும் வரை அது வட்டில் பிடித்திருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கதவுக்குப் பின்னால் குவித்துவைத்தாற் போன்ற நிலை. தந்தையார் கூடையை ஒருமுறையும் கொட்டியதில்லை. "குப்பைக் கூடை என்று தெரியும். கொட்டிவிட்டால் பிறகு வேண்டுமென்றால் என்ன செய்வது?" என்றார். அந்தக் கேள்வியில் பொருள் உண்டு என்பது எனக்குப் பின்னரே விளங்கியது. மற்றொன்று: பென்டிரைவிலிருந்து அழிக்கும் படங்கள் பொதுவாக இந்தக் கூடைக்கு வருவதில்லை. அங்கே அழித்தது அழித்ததுதான்.

மூன்றாவது: அழித்த படங்கள் மறுவாரமே திரும்பி வந்தன. தந்தையார் ஞாயிறுதோறும் கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைப்பார். இணைத்தவுடன் கைப்பேசியிலுள்ள படங்களை எடுத்துவைத்துக்கொள்ளும்படி அந்த நிரலை யாரோ அமைத்திருந்தார்கள். கணினியில் அழித்துவிட்ட படம் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. நிரல் அதைப் புதுப்படம் என்று எண்ணி மறுபடியும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஊற்றுக்கண் ஓரிடத்தில் இருக்க, ஓடையின் அடியில் நின்று நீரை இறைத்தால் வற்றுமா? முதலில் கைப்பேசியில் தூய்மை செய்தோம். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தாமே இறங்காதபடி அமைப்பை மாற்றினோம். தானே எடுத்துவைக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தினோம். அதன் பிறகு படங்கள் திரும்பி வரவில்லை.

நான்காவது இடையூறு நம் தமிழுக்கே சிறப்பாக உரியது. தந்தையார் ஆசிரியராதலால் கோப்புறைகளுக்கு நல்ல தமிழில் நீண்ட பெயர்கள் சூட்டியிருந்தார். 'பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது எடுத்த படங்கள்' என்று ஒன்று; அதற்குள் 'திருவேங்கடமுடையானைத் தரிசிக்கத் திருப்பதிக்குச் சென்றபோது எடுத்தவை' என்று இன்னொன்று; அதற்குள்ளும் மற்றொன்று. விண்டோஸில் கோப்பின் முகவரி முழுவதற்கும் 260 எழுத்துகள் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. நமக்கு ஓரெழுத்தாகத் தோன்றும் 'கி' கணினியின் கணக்கில் இரண்டு: ககரம் ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் குறி ஒன்று. ஆகவே தமிழ்ப் பெயர் விரைவில் வரம்பைத் தாண்டிவிடுகிறது. தாண்டியபின், 'பெயர் மிக நீண்டது' என்று கணினி அழிக்கவும் மறுக்கிறது. வெளிக் கோப்புறைகளின் பெயர்களை 'அ', 'ஆ' என்று சுருக்கியவுடன் உள்ளே இருந்தவை எளிதில் அசைந்தன. தம் பெயர்களைச் சுருக்கியதில் தந்தையாருக்குச் சிறிது வருத்தமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். அழித்தல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பதிவேட்டில் நிகழ்வதே. கோப்பு எங்கே இருக்கிறது என்னும் பதிவைக் கணினி அடித்துவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. படம் அங்கேயே கிடக்கும், வேறொன்று வந்து அதன்மேல் எழுதப்படும் வரை. தந்தையாருடைய புளியமரத்தின் கதையேதான். ஆகையால், தவறி எதையேனும் அழித்துவிட்டால், உடனே அந்த வட்டில் வேறு எதையும் எழுதாமல் நிறுத்த வேண்டும். 'ஃபோட்டோரெக்' போன்ற மீட்பு நிரலை வேறொரு வட்டிலிருந்து இயக்கினால் பல படங்கள் கிடைக்கும். கோப்புகளின் பெயர்கள் மட்டும் கிடைப்பதில்லை. ஆனால் இக்காலத்து 'எஸ்எஸ்டி' வட்டுகளில் காலி என்று குறித்த இடத்தைக் கணினியே விரைவில் துடைத்துவிடுவதால், மீட்பில் நம்பிக்கை வைக்கக் கூடாது. கூகிள் ஃபோட்டோஸ் போன்று இணையத்தில் சேமிக்கும் ஏற்பாடுகளிலோ வேறொரு விதி. அங்கே கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள படியும் சேர்ந்தே அழியும். அறுபது நாள் அதன் கூடையில் இருந்துவிட்டுப் பிறகு அடியோடு போகும். 'இங்கே அழித்தால் என்ன, அங்கே இருக்கிறதே' என்று எண்ணி, குழந்தையின் முதற் பிறந்தநாள் படங்கள் அத்தனையையும் இழந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

இவ்வளவும் முடிந்தபின் எஞ்சியது பழைய வட்டு ஒன்று. அதன் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

2014-இல் நான் மஸ்கட்டுக்குப் புறப்படுமுன் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கி வைத்தேன். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு கணக்குகள் ஏற்படுத்தி, அம்மாவின் கணக்குக்கு அவர் விரும்பிய கடவுச்சொல்லை அவரையே இடச் செய்தேன். அம்மா மறைந்த சில மாதங்களில் அந்தக் கணினியும் பழுதாகிவிட்டது. 2023-இல் புதியது வாங்கியபோது, பழுதுபார்ப்பவர் பழைய வட்டை மட்டும் கழற்றிப் புதியதில் இரண்டாவது வட்டாகப் பொருத்தினார். அதிலிருந்த ஒரு கோப்புறை திறக்கவுமில்லை, அழியவுமில்லை. "ஃபார்மட் செய்துவிடுங்கள்; வட்டு முழுவதும் காலியாகிவிடும்" என்பது அவர் கூறிய யோசனை. தந்தையாருக்கு இடம் தேவைப்பட்டது. ஆயினும், 'பிள்ளை வரட்டும்' என்று விட்டுவைத்திருந்தார்.

அந்தக் கோப்புறையை நான் அழிக்க முயன்றேன். 'இதில் மாற்றம் செய்ய வேண்டுமாயின் இன்னாரிடம் அனுமதி பெற வேண்டும்' என்று கணினி அறிவித்தது. இன்னார் என்ற இடத்தில் பெயர் இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருந்தது.

"யார் அது?" என்றார் தந்தையார்.

விளக்கினேன். விண்டோஸ் கணினி மனிதரைப் பெயரால் அறிவதில்லை. கணக்குத் தொடங்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்குகிறது. அவர் படைக்கும் கோப்புகளில் அந்த எண்ணே உரிமையாளராகப் பதிகிறது. அந்தக் கணினி இருக்கும் வரை எண்ணுக்கு உரிய பெயரை அது நமக்குக் காட்டும். வட்டை வேறு கணினிக்கு மாற்றினால், புதிய கணினிக்கு அந்த ஆளைத் தெரியாது. எண்ணை மட்டும் காட்டி, 'இவரிடம் கேள்' என்கிறது. ஒரே கணினியில் உள்ளவர்களுக்கு எண்ணின் முற்பகுதி ஒன்றாகவே இருக்கும். கடைசி இலக்கங்கள் மட்டும் வேறுபடும். இந்த வட்டில் தந்தையாரின் பழைய கோப்புறை 1001 என்று முடிந்தது. திறவாத கோப்புறை 1002 என்று முடிந்தது.

தந்தையார் இரண்டு எண்களையும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெல்லப் படித்தார். "அவளுக்கும் எனக்கும் ஓர் எண்தான் வித்தியாசம்" என்றார். சற்று நேரம் கழித்து, "அதே பெயரில் இப்போது ஒரு கணக்குத் தொடங்கினால் திறக்குமா?" என்று கேட்டார்.

"திறக்காது அப்பா. ஒருவருக்குக் கொடுத்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாகிவிடும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. வழி இல்லாமல் இல்லை. கணினியின் நிர்வாகி என்ற முறையில், கோப்புறையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குச் சென்று, 'செக்யூரிட்டி' என்பதில் 'அட்வான்ஸ்டு' என்பதைத் திறந்து, உரிமையாளர் என்னும் இடத்தில் நம் பெயரை இட்டு, உள்ளே உள்ளவற்றுக்கும் அது பொருந்தும் என்று குறியிட்டால், உரிமை நமக்கு வந்துவிடும். பிறகு திறக்கலாம், அழிக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் எனக்குக் கை எழவில்லை.

"அவள் பெட்டியை அவளைக் கேட்காமல் நான் திறந்ததில்லை" என்றார் தந்தையார். பிறகு அவரே, "நீ திற. பிள்ளை திறந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள்" என்றார்.

திறந்தேன். அறுநூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. வீட்டில் விட்டுச்சென்ற சிறிய கேமராவால் அம்மா எடுத்தவை. வாசலில் கோலம், முற்றத்தில் உலரும் புளி, கன்று. இவை சில. மற்றவை எல்லாம் கணினித் திரையைப் படம் பிடித்தவை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் திரையில் தோன்றிப் பேசும்போது, அப்பா பேசிக்கொண்டிருக்க, பின்னால் நின்றுகொண்டு அம்மா எங்களைப் படம் எடுத்திருக்கிறார்! எங்களுக்கு இது தெரியாது. குழந்தைகள் பல் முளைத்து, பல் விழுந்து, பள்ளிச் சீருடை அணிந்து, உயர்ந்து வளர்ந்தது முழுவதும் ஆண்டு வாரியாக அங்கே இருந்தது.

படம் என்ற முறையில் அவற்றுள் ஒன்றும் தேறாது. சில மங்கல், சிலவற்றில் விரல் மறைத்திருந்தது, எல்லாவற்றிலும் குறுக்கே கறுத்த பட்டைகள். திரை ஒளிரும் வேகமும் கேமராவின் கண் இமைக்கும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அத்தகைய பட்டைகள் விழும். மங்கிய படங்களைத் தேடிப் பொறுக்கி, 'இவற்றை நீக்கிவிடலாமா?' என்று கேட்கும் செயலிகள் இப்போது உண்டு. அவற்றின் கையில் கொடுத்திருந்தால் அறுநூறும் குப்பைக்குப் போயிருக்கும். நான் தனியே பார்த்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

தந்தையார்தான் கண்டார். "இங்கே பார்" என்று திரையின் இருண்ட மூலையைச் சுட்டிக் காட்டினார். கண்ணாடியில் அம்மாவின் நிழல் விழுந்திருந்தது. கேமராவை மார்பளவில் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்த படத்திலும் இருந்தார். அதற்கடுத்ததிலும் இருந்தார். எங்கள் வீட்டு ஆல்பங்களில் அம்மாவின் படம் மிகச் சிலவே. படம் எடுக்கும் நேரத்தில் அவர் அடுக்களையில் இருப்பார். அழைத்தால், "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். அவர் முகம் இத்தனை படங்களில், இத்தனை வெள்ளிக்கிழமைகளில் பதிந்திருக்கும் இடம் இது ஒன்றே.

உரிமையாளர் என்ற இடத்தில் தந்தையாரின் பெயரை இட்டேன். அந்த அறுநூறு படங்களையும் மூன்று படிகளாக்கினேன். ஒன்று குடிபாலாவில் கணினியில். ஒன்று தனி வட்டில் இரும்பு அலமாரிக்குள். ஒன்று என்னோடு மஸ்கட்டில். ஒரு வீட்டில் தீயோ திருட்டோ நேர்ந்தாலும் மற்றொரு வீட்டில் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. மற்ற 18,000 படங்களில் 14,000 வரை அழித்தோம். அதில் சிறிதும் வருத்தமில்லை. ரோஜா மலர்களும் உதய சூரியன்களும் போயின. பிள்ளையார் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு விடைகொடுத்தோம். கணினி இப்போது விரைந்து ஓடுகிறது.

அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே. ஊரில் உள்ள பெரியவர்கள் கணினி பற்றி முறையிட்டால், அதைக் கைத்தவறு என்று தள்ளிவிடாமல், திரையில் தோன்றும் சொற்களை ஒரு சொல்லும் விடாமல் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அச்சொற்களிலேயே இருக்கும். இரண்டாவது, திறக்க முடியாத ஒன்றைத் திறந்து பார்க்காமல் அழிக்க விடாதீர்கள். வட்டைத் துடைக்க ஒரு நிமிடம் போதும். துடைத்தபின் அதில் என்ன இருந்தது என்பதை அறிய எந்த வழியும் இல்லாமற் போகலாம்.

மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பேச்சு வழக்கம்போல் நடக்கிறது. சில வேளைகளில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, தந்தையார் கைப்பேசியை மெல்ல மார்பளவுக்கு உயர்த்துவது தெரிகிறது. நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை. குழந்தைகளைச் சற்று முன்னால் வந்து நிற்கச் சொல்கிறேன். கணினியில்தான் இப்போது இடம் நிறைய இருக்கிறதே.